ஊர் வளர்கிறது, காவலரின் ஓய்வு தேய்கிறது: ஓசூரை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஓர் ஊருக்குத் தொழிற்சாலை வந்தால் என்னென்ன கூடும் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். வேலை கூடும், வாடகை கூடும், நிலத்தின் விலை ஏறும், லாரியும் ஹோட்டலும் பெருகும். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் இரவு பாரா பார்க்கும் கான்ஸ்டபிளின் வேலை நேரமும் கூடும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வராது. நகர நிர்வாகம், வட்டார வளர்ச்சி, காவலர் நலன் மூன்றும் மூன்று வேறு துறைகளின் கோப்புகளில் கிடக்கின்றன. ஆனால் ஊரில் வாழ்கிறவர்களுக்கு அவை ஒரே விஷயம்தான். எப்படி என்பதைப் புரிந்துகொள்ள ஓசூர் நல்ல உதாரணம்.

ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1971-ல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. பெரிய பரப்பில் நிலம் எடுத்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் ஏற்பாடு செய்து, மனைகளாகப் பிரித்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் சிப்காட் வளாகம் அமைந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது. டாடா குழுமமும் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாக 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் இங்கேதான் கைக்கடிகார ஆலையைக் கட்டியது. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. இன்று ஓசூருக்கு வெளியே டாடா எலக்ட்ரானிக்ஸின் கைபேசி உதிரிபாக ஆலை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள்.

மக்கள்தொகையும் அதற்கேற்ப ஏறியது. 2001 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியில் சுமார் 84,000 பேர். 2011-ல் 1.16 லட்சத்தைத் தாண்டியது. ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி போன்ற சுற்றுப்புற ஊர்கள் நகரத்தோடு சேர்ந்தன. 2019-ல் நாகர்கோவிலோடு சேர்த்து ஓசூரும் மாநகராட்சி ஆனது. இப்போது 45 வார்டுகள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், திட்டம் போடுகிறவர்கள் இன்னமும் 2011-ம் ஆண்டு எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. விடுதிகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் தங்கி, வேலை மாறினால் ஊர் மாறும் தொழிலாளர்கள் எந்தக் கணக்கிலும் சரியாக விழுவதில்லை. ஆனால் அவர்கள் சம்பளத்தைப் பறிகொடுத்தால் வருவது ஓசூர் காவல் நிலையத்துக்குத்தான்.

சரி, மாநகராட்சி என்பது யார், அதன் கையில் என்ன இருக்கிறது?

1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. நகர அமைப்புகளுக்குத் தேர்தல் கட்டாயம் என்றது. அவற்றுக்கு என்னென்ன பொறுப்புகளைத் தரலாம் என்று 18 இனங்கள் கொண்ட பட்டியலையும் சேர்த்தது. அதுதான் பன்னிரண்டாவது அட்டவணை. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, மயானம், ஆட்டுத் தொட்டி என்னும் இறைச்சிக்கூடம் எல்லாம் அதில் உண்டு. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவதும் அதில் இருக்கிறது. காவல் மட்டும் இல்லை.

வளர்ச்சிக்குத் திட்டமிடும் பொறுப்பு பட்டியலில் இருந்தாலும் நடைமுறை வேறு. எந்தக் கிராமத்து நிலத்தில் அடுத்த தொழிற்பூங்கா வரும் என்பதைத் தொழில் துறையும் சிப்காட்டும் முடிவு செய்கின்றன. நிலப் பயன்பாட்டை வகுக்க ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமம் என்று தனி அமைப்பு இருந்தது. முதலீட்டாளர்களோடு பேசுவது சென்னையில். ஆலை மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஏதோ ஓர் ஊராட்சியில் எழும்பும். வேலை முடிந்து ஆட்கள் தங்க வருவது நகரத்துக்குள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் குப்பை அள்ளுவதும் மாநகராட்சியின் தலையில் விழும். ஒரு வட்டாரம் முழுக்கச் சேர்ந்து வளரும்போது அதன் பலனும் சுமையும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஓர் ஆலை விற்கும் பொருளுக்கான ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் போகிறது. லாபத்தின் மீதான வருமான வரி மத்திய அரசுக்கு. ஊருக்கு நேரடியாக வருவது சொத்து வரியும் தொழில் வரியும்தான். தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவே சொல்கிறது. அந்த உச்சவரம்பு 1988-ல் வைத்தது, விலைவாசி எவ்வளவோ ஏறியும் அது அங்கேயே நிற்கிறது. இதற்கு மேல், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு ஒரு பங்கைப் பிரித்துத் தரும். ஊர் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் ஊரின் கஜானா அதே வேகத்தில் நிரம்புவதில்லை.

இனி காவல். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இரண்டாவது இனமாகவே காவல் துறை வருகிறது. ஓசூரில் நகரம், சிப்காட், ஹட்கோ என்று காவல் நிலையங்கள் இருக்கின்றன. அவை கிருஷ்ணகிரி மாவட்ட எஸ்.பி.யின் கீழ், அவர் வழியாக டி.ஜி.பி. அலுவலகத்துக்கும் உள்துறைக்கும் பதில் சொல்கின்றன. மேயருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவே அதிகாரத் தொடர்பு எதுவும் கிடையாது. கூடுதலாக பத்து கான்ஸ்டபிள் வேண்டும் என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போடலாம், ஆனால் அது கோரிக்கை மட்டுமே. இப்படி ஆனதற்குப் பழைய வரலாறும் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் ஒரு கட்டத்தில் நகராட்சிகள் காவல் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டியிருந்தது. காவலரை நியமிப்பதில் அவற்றுக்குப் பேச்சு இல்லை, பணம் மட்டும் போனது. 1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் தல சுயாட்சித் தீர்மானம் அந்தச் சுமையை நகராட்சிகளிடமிருந்து எடுத்து, அந்தப் பணத்தைக் கல்வி, சுகாதாரம் போன்றவற்றுக்குத் திருப்பச் சொன்னது. அன்றைக்கு அது நியாயமான முடிவு. ஆனால் ஊருக்கும் காவலுக்கும் நடுவே அப்போது விழுந்த கோடு இன்றுவரை அழியவில்லை.

ஒரு காவல் நிலையத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பது அரசாணையில் எழுதிய எண். அதை ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் என்பார்கள். ஊரில் புதிதாக ஐம்பது விடுதிகள் திறந்தால் அந்த எண் தானாக ஏறாது. கோப்பு எழுதி, நிதித் துறை ஒப்புதல் வாங்கி, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்து, பயிற்சி முடிய வேண்டும். அதன் பிறகும் புதிய இரண்டாம் நிலைக் காவலர் நேராக நிலையத்துக்கு வருவதில்லை. ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோ சில வருடங்கள் இருந்துவிட்டுத்தான் வருகிறார். ஆலையோ இரண்டு வருடத்தில் கட்டி முடிந்து ஓட ஆரம்பித்துவிடும். இந்த இடைவெளியை எது நிரப்புகிறது? ஏற்கனவே இருக்கிற காவலரின் நேரம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் போன்ற எல்லை நகரில் அந்த நேரம் எங்கெங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போகிறது, விபத்து நடந்தால் இவர்கள்தான் முதலில் போக வேண்டும். எல்லை தாண்டி வரும் குட்கா, மதுப் பாக்கெட், கஞ்சா சோதனை. ஷிப்டு முடிந்து வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் கைபேசிப் பறிப்பு. சம்மன் கொடுக்க ஓடுவது, கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது, தலைவர்கள் வந்தால் பந்தோபஸ்து. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது எல்லையில் பஸ்கள் நின்றுபோய், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே கடந்தார்கள். இரு பக்கமும் காவலர்கள் இரவு பகலாக நின்றார்கள். 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் ஆட்கள் நெடுஞ்சாலையை மறித்துக் கல்லெறிந்தார்கள், காவலர்களுக்குக் காயம் பட்டது. அந்த மாதிரி நாளில் பந்தோபஸ்துக்குப் போனவர், மறுநாள் தன் வழக்கமான வேலைக்கும் வந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய சட்டச் சிந்தனை இருக்கிறது. 1861-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 22-வது பிரிவு, காவல் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பதாகவே கருதப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சிந்தனை நாடு முழுக்கக் காவல் துறையின் வழக்கமாக ஊறிவிட்டது. அதோடு, காவலர்கள் அரசின் அனுமதியின்றிச் சங்கம் சேர முடியாதபடி 1966-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. பஸ் டிரைவருக்கு ஓவர்டைம் கேட்கச் சங்கம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான். அந்த ஆலை வாசலில் போராட்டம் நடந்தால் காவலுக்கு நிற்கும் கான்ஸ்டபிளுக்கு இரண்டும் இல்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட இந்தியக் காவல் நிலை அறிக்கையின்படி, நம் நாட்டுக் காவலர் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வார விடுப்பே கிடைப்பதில்லை. நான்கில் மூன்று பேர், பணிச்சுமை தங்கள் உடலையும் மனதையும் பாதிக்கிறது என்று சொன்னார்கள். இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்கிறது. நாளுக்கு 14 மணி நேரம் என்றால், வாரத்தில் நான்காம் நாளே 55 தாண்டிவிடுகிறது.

காவலர் நலன் என்றதும் யோகா வகுப்பும் மருத்துவ முகாமும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அஸ்திவாரம் தூக்கம்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் சட்டத்தில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 0.03 சதவீதம். நள்ளிரவில் ஊதச் சொல்லிப் பரிசோதிக்கும் ஏட்டு, காலையிலிருந்து நிற்பவராக இருந்தால், அவருடைய நிதானம் அவர் பிடிக்கப்போகிறவரைவிட மோசமாக இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவரிடம்தான் புகார் கொடுக்க ஒரு பெண் வருகிறாள். எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி விட்டுப்போவது, தேவையில்லாமல் குரல் உயர்வது, கை நீள்வது எல்லாவற்றுக்கும் சோர்வு ஒரு காரணம். தவறு செய்பவருக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் தவறு குறைய வேண்டும் என்று உண்மையாக விரும்புகிறவர்கள் இந்தக் காரணத்தைத் தாண்டிப் போக முடியாது.

தமிழ்நாட்டில் இது பற்றிச் சில நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து, 2018 முதல் தமிழ்நாடு காவல் துறை காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியை நடத்தியது. மன அழுத்தத்தை அடையாளம் காண்பது, கோபத்தைக் கையாள்வது, குடிப்பழக்கம் பற்றியெல்லாம் காவலர்களிடம் பேசியதோடு, அவர்கள் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசியதுதான் அதில் முக்கியம். வீட்டில் இருப்பவருக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். 2021-ல் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. பெரிய முடிவு அது. ஆனாலும் ஒரு நிலையத்தில் இருக்கும் ஆட்களில் ஏழில் ஒரு பங்கு தினமும் ஓய்வில் போக வேண்டும் என்றால், அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஓய்வு என்பது பதிவேட்டில் மட்டும் இருக்கும். பதவி உயர்ந்தால் அழுத்தம் தீரும் என்பதும் இல்லை. 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது மாநிலமே அதிர்ந்தது.

அப்படியென்றால் மாநகராட்சிக்கு இதில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது, காவல் அதிகாரம் இல்லாமலேயே.

பெண்கள் ஷிப்டு முடிந்து நடந்து வரும் சந்தில் விளக்கு எரிந்தால் ரோந்துக்கு வேலை குறையும். லாரிகள் நிற்க ஊருக்கு வெளியே முறையான முனையம் இருந்தால், நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி வைத்த லாரியில் பைக் மோதும் விபத்து குறையும். அந்த விபத்துக்கான ஆய்வு, சாட்சிகள் முன் எழுதும் பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை, கோர்ட் என்று ஒரு கான்ஸ்டபிளின் பல நாள்கள் மிச்சமாகும். பஸ் நிலையத்தில் ஆட்டோவுக்குத் தனி இடம் ஒதுக்கினால் தினசரி தகராறு குறையும். தண்ணீர் ஒழுங்காக வந்தால் காலிக்குடத்தோடு சாலை மறியல் இருக்காது, மறியல் இல்லையென்றால் பந்தோபஸ்து இல்லை. பெண்கள் விடுதிகளை 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் வாங்க வைப்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் சத்தமில்லாமல் விடுதியாக மாறியிருக்கிறது என்பது சொத்து வரி வசூலிக்கும் பில் கலெக்டருக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் தகவல் காவல் நிலையத்துக்குப் போனால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். காவலரின் பணிச்சுமையில் கணிசமான பகுதி குற்றத்தால் வருவதில்லை, சரியாக நடக்காத நகர நிர்வாகத்தால் வருகிறது என்பதுதான் என் கணிப்பு. அதைக் குறைக்கிற கருவிகள் பெரும்பாலும் மாநகராட்சிப் பொறியாளரின் மேசையில் இருக்கின்றன.

மற்ற நாடுகளில் இந்தக் கோடு வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏராளமான சிறு நகரங்களுக்குச் சொந்தக் காவல் துறையே உண்டு. நகர மன்றம்தான் பட்ஜெட் போடும், எனவே புதிய வணிக வளாகத்தால் வரும் வரியும் அதற்காகக் கூடுதலாக வேண்டிய காவலரும் ஒரே கூட்டத்தில் பேசப்படுகிறார்கள். அங்கே 2015-ல் வந்த 21-ம் நூற்றாண்டுக் காவல் பணிக்குழு அறிக்கை, காவலர் நலனையும் பாதுகாப்பையும் தன் ஆறு தூண்களில் ஒன்றாக வைத்தது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வரும் உள்ளாட்சி வரி ரசீதிலேயே காவலுக்கு எவ்வளவு என்று தனியாகக் குறித்திருப்பார்கள். இதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேயரின் கையில் காவலர் இருந்தால் என்னென்ன நடக்கும் என்று பயப்பட நம் ஊரில் நியாயமான காரணங்கள் உண்டு. அமெரிக்காவிலும் ஏழை நகரத்துக்குக் குறைந்த சம்பளக் காவலர்தான் கிடைக்கிறார். அதிகாரத்தை மாற்றாமலே கணக்கை மட்டும் ஒன்றாகப் போட முடியும், அது போதும் என்று நினைக்கிறேன்.

கணக்கை ஒன்றாகப் போடுவது என்றால் என்ன? தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பிலேயே காவல் நிலையத்துக்கும் காவலர் குடியிருப்புக்கும் இடம் குறிப்பது. இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று ஒப்பந்தம் போடும் அன்றே உள்துறையில் பணியிடக் கோப்பைத் திறப்பது. வாடகை ஏறிய ஊரில் காவலர் குடியிருப்பு பெரிய விஷயம். தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் 1981-லிருந்து இருக்கிறது, கட்டத் தெரிந்த அமைப்பு அது. இடம்தான் வேண்டும். ஆலை வந்து நிலத்தின் விலை ஏறிய பிறகு இடம் தேடினால், ஊருக்கு இருபது கிலோமீட்டர் வெளியே கிடைக்கும். 14 மணி நேர வேலைக்கு மேல் அந்தப் பயணமும் சேரும்.

இது இப்போது பேச வேண்டிய விஷயம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையம் 2033 வரை கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் அதற்கு இன்னும் பல கட்டங்கள் இருக்கின்றன. அந்த அவகாசமே ஒரு வாய்ப்பு. ஆவடியும் தாம்பரமும் பெருத்து வழிந்த பிறகு 2022-ல்தான் தனித்தனிக் காவல் ஆணையரகங்கள் ஆயின. ஓசூர் வட்டாரத்தில் அந்தப் பேச்சை முன்கூட்டியே தொடங்க முடியும்.

ஓசூரிலோ வேகமாக வளரும் வேறு நகரத்திலோ இருப்பவர்களுக்கு இதில் நேரடியாகக் கேட்க இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1-லிருந்து நகரங்களிலும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடுகின்றன. கவுன்சிலர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சாக்கடையைப் பற்றிக் கேட்ட கையோடு, நம் வார்டில் எத்தனை விடுதிகள் பதிவாகியிருக்கின்றன, எந்தச் சந்தில் விளக்கு இல்லை, நம் காவல் நிலையத்தில் எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது, கூடுதல் ஆள் கேட்டு மாநகராட்சி கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள். காலிப் பணியிட விவரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால் அதை அடுத்த பகுதி சபையில் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.